சிரித்துக்கொண்டே சம்மதித்த நோயாளி

சாவை உண்டாக்கும் எண்ணமில்லாமல், ஒருவருடைய நன்மைக்காக, நல்லெண்ணத்தோடு, அவருடைய சம்மதம் பெற்றுச் செய்கிற காரியத்தால் அவருக்குத் தீங்கு நேர்ந்தாலும் அது குற்றம் ஆகாது. இந்தியத் தண்டனைச் சட்டம், எண்பத்தெட்டாவது பிரிவு. நமக்கெல்லாம் சொன்னால் புரியாது என்று நினைத்தோ என்னவோ, வெள்ளைக்காரன் உதாரணமும் கொடுத்திருக்கிறான்: வலி மிகுந்த நோயால் துன்பப்படுகிறவருக்கு, அவர் சம்மதத்தோடு ஆபத்தான அறுவையைச் செய்யும் டாக்டர் குற்றவாளி அல்ல.

ஆஸ்பத்திரி ஆபீஸில் புதிதாகச் சேர்ந்திருக்கும் நீங்கள் இதை மனப்பாடம் செய்யுங்கள். செய்துவிட்டு, விதி தானாக எழுந்து வந்து உதவும் என்று மட்டும் நம்பாதீர்கள். பொருந்த வேண்டிய விதி எப்போதும் பீரோவின் அடித்தட்டில் படுத்திருக்கும். பொருந்தாத விதிதான் மேஜை மேல் விழித்துக்கொண்டிருக்கும்.

போன வாரம் உங்களில் ஒருவர் என்னைப் பார்க்க வந்தார். சிக்கலான கேஸ் ஒன்றுக்கு மேலிடத்துக்கு விளக்கம் கேட்டு எழுதிவிட்டதாகவும், பதில் வரும்வரை நோயாளியை வீட்டுக்கு அனுப்பிவிட்டதாகவும் பெருமையாகச் சொன்னார். அவருக்குக் காபி கொடுத்து அனுப்பினேன். சொல்ல வேண்டியதை இங்கே எழுதுகிறேன்.

யுத்த காலம். ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இராஜபாளையத்துக்கும் நடுவில், ரோட்டோரமாக, ஒரு சின்ன ஜில்லா போர்டு ஆஸ்பத்திரி இருந்தது. இன்று கட்டிடமே இல்லை, பெயர் எதற்கு? ஆண் வார்டு ஒன்று, பெண் வார்டு ஒன்று, நடுவில் வராந்தா. ஒரு டாக்டர், ஒரு நர்ஸம்மா, கிளார்க்காக நான். மூவரில் ஆஸ்பத்திரியை நடத்துவது யார் என்பதில் எங்களுக்குள் சந்தேகமே இருந்ததில்லை. ஆளுக்கு ஒரு விடை வைத்திருந்தோம்.

டாக்டர் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். நல்ல கை. கத்தியை எடுத்துவிட்டால் நடுங்காது. எடுப்பதற்கு முன்னால்தான் நடுக்கம் எல்லாம். அவர் மேஜை டிராயரில் ஸ்டெதாஸ்கோப்புக்குப் பக்கத்தில் தண்டனைச் சட்டப் புத்தகம் இருக்கும். நோயாளியின் நாடியைப் பிடிக்குமுன் தன்னுடைய பென்ஷனின் நாடியைப் பிடித்துப் பார்ப்பார்.

நர்ஸம்மா பாளையங்கோட்டைப் பக்கத்துக் கிறிஸ்தவர். பிள்ளை பெற வந்தவளையும் போலீஸ் கொண்டுவந்த திருடனையும் ஒரே குரலில் அதட்டுவார்.

எங்கள் பக்கத்துக் கண்மாய்க் கொசு விரைவீக்கத்தையும் குளிர்காய்ச்சலையும் தாராளமாக வழங்கும். சிலருக்கு முற்றிச் சீழ் வைத்து, இரண்டு விரைகளையும் எடுத்தால்தான் உயிர் தங்கும் என்ற நிலை வரும். அதற்கென்று எங்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. எந்தப் புத்தகத்திலும் கிடையாது. டாக்டர் குரலைத் தாழ்த்துவார். நர்ஸம்மா வெளியே போவார். நான் கதவைச் சாத்துவேன். விஷயத்தைக் கேட்டதும் நோயாளி அழுவார். வம்சம் என்பார், ஆம்பிளை என்பார். கூட வந்த அண்ணன் தம்பிமார் சுவரைப் பார்ப்பார்கள். அழுது ஓயும் நேரம் பார்த்துச் சம்மதப் பத்திரத்தை நீட்ட வேண்டியது என் பொறுப்பு. முந்தி நீட்டினால் மரியாதை இல்லை. பிந்தினால் மனம் மாறிவிடும்.

நிலபுலன் உள்ள பெரியவர் ஒருவருக்கு இந்த வழக்கப்படி அழுகையெல்லாம் முடிந்து, அறுவையும் நல்லபடியாக முடிந்திருந்தது. டாக்டர் சட்டப் புத்தகத்தைத் திறக்கவே இல்லை. அதற்கு மறுவாரம் நாச்சியார் வந்தாள்.

இராஜபாளையம் பக்கத்தில் பட்டாளத்துக்காகக் காயத்துக்குக் கட்டும் துணி நெய்து கொண்டிருந்தார்கள். அதை வெளுத்துச் சுருட்டுகிற கொட்டகையில் அவளுக்கு வேலை. பர்மாவில் ஒரு சிப்பாய்க்கு அடிபட்டால் அவன் காயத்துக்கு அவள் சுருட்டிய துணி காத்திருந்தது. ஆண் பிள்ளை பிறந்ததாக முனிசிபாலிட்டிப் பதிவேடு சொல்லும். பெண் என்று அவள் சொல்வாள். சேலையும் கொண்டையுமாக அப்படியேதான் வாழ்ந்தாள். ஊரார் அவளைப் போன்றவர்களுக்கு வைத்திருந்த சொல் உங்களுக்கே தெரியும். நான் எழுதப் போவதில்லை. பதிவேட்டில் இருந்த பெயரையும் எழுத மாட்டேன். அவளுக்குப் பிடிக்காது.

டாக்டர் சோதித்துப் பார்த்தார். சீழ் பிடிக்க ஆரம்பித்திருந்தது. உடம்பெல்லாம் விஷம் பரவுமுன் எடுத்தாக வேண்டும். வழக்கப்படி குரலைத் தாழ்த்தினார். நர்ஸம்மா வெளியே போனார். நான் கதவைச் சாத்தினேன்.

"மனசைத் திடப்படுத்திக்கணும். ரெண்டையும் எடுத்துட வேண்டியதுதான். வேற வழி இல்லே."

"நெசமாவா அய்யா?"

"ஆமாம்."

"எப்ப?"

டாக்டர் என்னைப் பார்த்தார். வழக்கத்தில் இந்தக் கேள்வி கிடையாது. அவளோ அந்த வலியிலும் முகமெல்லாம் சிரிப்பாக இருந்தாள்.

"அய்யா, நான் அதைக் கேக்கத்தான வந்தேன். எப்படி வாயத் தொறந்து கேக்கதுன்னு பஸ்ஸு பூரா யோசிச்சுக்கிட்டு வந்தேன். நீங்களே சொல்லிட்டீய. ஆண்டாளே உங்க வாயில வந்து பேசிட்டா."

டாக்டர் பேனாவை மூடினார். டிராயரைத் திறந்தார்.

முந்நூற்றிருபதாவது பிரிவு. கொடுங்காயங்கள் என்று சட்டம் போட்டிருக்கும் வரிசையில் முதலில் நிற்பது ஆண்மையை அகற்றுவது. கண் போவது, காது போவது, எலும்பு முறிவது எல்லாம் அதற்குப் பின்னால்தான். சட்டம் எழுதிய கனவான்களுக்கு எதில் பயம் அதிகம் என்பது அந்த வரிசையிலேயே தெரியும்.

அவளை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு டாக்டர் என்னிடம் புத்தகத்தைத் திருப்பிக் காட்டினார். "பார்த்தீராய்யா? இவ வேணும்னு கேக்கறா. நான் செஞ்சா என் கதி என்ன?"

"ஸார், வியாதிக்குத்தானே செய்யறீங்க? போன வாரம் அந்தப் பெரியவருக்கும் இதைத்தானே செஞ்சீங்க?"

"அவர் அழுதாரய்யா!"

அந்தப் பதிலை நான் பல வருஷம் யோசித்திருக்கிறேன். நோய் அதே நோய். கத்தி அதே கத்தி. அழுதால் வைத்தியம், சிரித்தால் குற்றம். இழப்பதற்கு வருந்துகிறவனிடமிருந்து எடுக்கலாம். விடுதலையென்று நினைக்கிறவளிடமிருந்து எடுக்கக் கூடாது. எண்பத்தெட்டாவது பிரிவில் அழுகையைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. புரட்டிக் காட்டினேன். 'வலி மிகுந்த நோயால் துன்பப்படும்' என்ற இடத்தில் டாக்டர் விரலை வைத்து, "இவ துன்பப்படறாப்பல இருக்கா உமக்கு?" என்று கேட்டார்.

மேலிடத்துக்கு எழுதச் சொன்னார். எழுதினேன். "நோயாளி மேற்படி அறுவைக்கு மகிழ்ச்சியுடன் சம்மதிக்கிறார். மகிழ்ச்சியுடன் தரப்படும் சம்மதம் சட்டப்படி செல்லுமா என்பதை அருள்கூர்ந்து தெளிவுபடுத்தக் கோருகிறேன்." என் கையெழுத்து அழகு என்று ஜில்லா ஆபீஸில் பெயர் உண்டு. எங்கள் கடிதங்களை அங்கே யாரோ பார்த்தார்கள் என்பதற்கு அடையாளம் அந்தப் பெயர் ஒன்றுதான்.

அடுத்தது வார்டு. டாக்டர் ஆண் வார்டு என்றார். கட்டிலில் அவள் உட்காருமுன் அங்கிருந்த கால் முறிந்தவர்களுக்கெல்லாம் நாக்கு மட்டும் நன்றாக வேலை செய்தது. மூட்டையை எடுத்துக்கொண்டு எழுந்து வந்துவிட்டாள். நர்ஸம்மா பெண் வார்டு என்றார்.

"விதி என்ன சொல்றது?" என்றார் டாக்டர்.

"பெண் வார்டில் பெண்களைச் சேர்க்க வேண்டும்னு இருக்கு ஸார். யார் பெண்ணுன்னு எழுதலை."

"அதையும் சேர்த்துக் கேட்டு எழுதும்."

பதில் வரும்வரை அவளுக்கு வராந்தாவில் கட்டில் போட்டோம். யாருக்கும் சேராத அந்த வராந்தாதான் ஆஸ்பத்திரியிலேயே காற்று வரும் இடம் என்பதை இரண்டு வார்டும் பொறாமையோடு கவனித்தன.

நான் அவளிடம் போய் யோசனை சொன்னேன். "நாச்சியார், நாளைக்கு டாக்டர் ரவுண்ட்ஸ் வரும்போது கொஞ்சம் அழு. ஐயோ போச்சேன்னு ரெண்டு வார்த்தை சொல்லு. காரியம் முடிஞ்சிரும்."

"எதுக்குக் கிளார்க்கய்யா அழணும்?"

"ஒரு பேச்சுக்கு."

"பொறந்ததுலருந்து இது இருக்கேன்னுதான் அழுதேன். இப்ப தீரப் போகுதுங்கீய. இதுக்கும் அழுவுன்னா, நான் எதுக்குத்தாய்யா சிரிக்க?"

பக்கத்தில் ஜுரம் பார்த்துக்கொண்டிருந்த நர்ஸம்மா தெர்மாமீட்டரை உதறினார். "நல்ல யோசனைதான். அவளை நாடகத்துல சேத்துட்டு நீங்க ஆர்மோனியம் வாசிங்க."

அவர் அவளிடம் கேட்டார், "ஏட்டி, இங்க நடக்கலேன்னா என்ன செய்வ?"

"மருதைக்கு அங்கிட்டு ஒரு கெழவி இருக்கா. கத்தியும் வச்சிருக்கா, சாமியும் வச்சிருக்கா. எங்க ஆளுவள்ல ரெண்டு பேரு போனாளுவ. ஒருத்தி வந்தா."

"இன்னொருத்தி?"

"அதான் சொன்னேனே. ஒருத்தி வந்தா."

நர்ஸம்மா தெர்மாமீட்டரை உறையில் போட்டு மூடினார். நாச்சியாரே சொன்னாள், "கெழவியக் குத்தஞ் சொல்லாதிய. வாடின்னு கூப்புட்டது அவ ஒருத்திதான்."

பதில் வரவில்லை. ஜுரம் வந்தது, ஏறியது. ஒரு நாள் காலை வராந்தாக் கட்டில் காலியாக இருந்தது.

நர்ஸம்மாவும் நானும் தேடிப் போனபோது அவள் ரோட்டில், பாலத்துச் சுவரில், மூட்டையோடு உட்கார்ந்திருந்தாள். மதுரை பஸ் நின்றுகொண்டிருந்தது. யுத்தத்தில் பெட்ரோல் கிடைக்காமல் கரியை எரித்து அந்தப் புகையில் வண்டி ஓட்டிய காலம். பின்னால் ஓர் ஆள் அடுப்புக்குக் காற்றுச் சுற்றிக்கொண்டிருந்தான். மகாராணியே வந்தாலும் அடுப்பு பிடித்த பிறகுதான் வண்டி கிளம்பும். அந்த அடுப்புக்கு நான் இன்றும் நன்றி உள்ளவன்.

நர்ஸம்மா அவள் நெற்றியில் கை வைத்துவிட்டு எடுத்தார். "இந்தக் காய்ச்சலோட அந்தக் கெழவி கத்தியில போய்ப் படுத்தேன்னா, வந்த ஒருத்தியாட்டம் வரமாட்ட. சொல்லிட்டேன்."

"இங்கன மட்டும் என்னம்மா? வராந்தாவுல ஆணுமில்லாம பொண்ணுமில்லாமக் கெடந்து சாகணும். அங்கன செத்தாப் பொம்பளையாச் சாவேன்."

அதட்டலுக்குப் பெயர்போன நர்ஸம்மா அவள் மூட்டையை மட்டும் இறுகப் பிடித்துக்கொண்டார்.

பஸ்ஸின் அடுப்பு பிடித்துக்கொண்டது. கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு கூவினான்: "வேண்டாங்கிறவிய யாராச்சும் உண்டா? சத்தத்தையே காணோம். அப்பப் போவோம், ரைட்!"

அந்தக் கண்டக்டர் எத்தனை வகுப்புப் படித்தான் என்று எனக்குத் தெரியாது. ஆனால் அவன் செய்ததைத்தான் நான் செய்யாமல் இருந்தேன் என்று அந்த நிமிஷம் உறைத்தது. 'போகலாமா?' என்று அவன் கேட்கவில்லை. போகிறேன் என்றான். தடுக்க நினைப்பவன் வாயைத் திறக்க வேண்டியது அவனவன் பாடு.

"ஏறாதே. நாளைக்குக் காலையில உனக்கு ஆபரேஷன்" என்றேன்.

"டாக்டரய்யா சொன்னாகளா?"

"அவருக்கு இனிமேத்தான் தெரியும்."

அவள் நர்ஸம்மாவைப் பார்த்தாள். நர்ஸம்மா என்னைப் பார்த்தார். கண்டக்டர் எங்கள் மூவரையும் பார்த்துவிட்டு, "இது வேற கேஸு" என்று சொல்லி மணியை அடித்தான். பஸ் இருமிக்கொண்டே போயிற்று.

இனி நான் சொல்வதை எழுதிவைத்துக்கொள்ளுங்கள். மேலிடத்துக்குக் கேள்வி எழுதினால், பதில் வராத ஒவ்வொரு நாளும் தடை. மேலிடத்துக்குத் தகவல் எழுதினால், பதில் வராத ஒவ்வொரு நாளும் அனுமதி. மௌனம் அதே மௌனம்தான். அதை யார் பக்கம் உட்கார வைப்பது என்பது உங்கள் கையில் இருக்கிறது.

டாக்டரிடம் ஜுரச் சீட்டை வைத்தேன். உயிருக்கு ஆபத்து என்றால் காத்திருக்காமல் சிகிச்சை செய்துவிட்டுத் தெரிவிக்கலாம் என்ற ஆஸ்பத்திரி விதியை அதன் மேல் வைத்தேன். அதற்கும் மேல் நான் எழுதிய தந்தி: "நோயாளிக்கு ஜுரம் ஏறுகிறது. உயிருக்கு ஆபத்து. மாற்று உத்தரவு வராவிட்டால் நாளைக் காலை அறுவை நடைபெறும்."

"மாற்று உத்தரவு வந்துட்டா?"

"ஸார், உங்க சர்வீஸ்ல அந்த ஆபீஸ் ஒரே நாள்ல எதுக்காவது பதில் போட்டிருக்கா?"

யோசித்தார். நேர்மையான மனிதர், நிஜமாகவே யோசித்தார். "இல்லே."

"நாளைக்கு யாராவது கேள்வி கேட்டாலும் உங்களைக் கேக்க மாட்டாங்க. தந்தி கெடைச்சும் ஏன் தடுக்கலைன்னு அவங்களைத்தான் கேப்பாங்க."

பொறுப்பு என்பது மேலிருந்து கீழே உருண்டு வருவதைத்தான் அவர் அதுவரை பார்த்திருந்தார். அது படியேறிப் போவதை முதல்முறையாகப் பார்த்ததும் முகம் தெளிந்தது. தந்தியில் கையெழுத்துப் போட்டார். சம்மதப் பத்திரத்தை நான் நிரப்பினேன். 'சம்மதிக்கிறார்' என்று மட்டும் எழுதினேன். எந்த முகத்தோடு என்ற கேள்வி பத்திரத்தில் இல்லை. கேட்காததற்குப் பதில் எழுதியதுதான் முதல் கடிதத்தில் நாங்கள் செய்த பிழை.

அன்று சாயங்காலம் நாச்சியார் நர்ஸம்மாவிடம் மெதுவாகக் கேட்டாளாம், "மிச்சத்தையும் ஒரேயடியா எடுத்துருவாகளா?"

"மாட்டாரு. வியாதி உள்ளதுக்குத்தான் சட்டம் எடங் குடுக்கு. மத்ததை ஒழுங்காச் செய்யத் தெரிஞ்ச கை இந்தச் சீமையில எனக்குத் தெரிஞ்சு கெடையாது. தெரியாத கையில உன்னைக் குடுக்கவும் மாட்டேன். பாதிதான் கெடைக்கும். உசுரு முழுசாக் கெடைக்கும். சம்மதமா?"

நாச்சியார், "சம்மதம்" என்றாளாம். அதைச் சொல்லும்போது அவள் சிரிக்கவில்லை என்று நர்ஸம்மா என்னிடம் சொன்னார். டாக்டரிடம் அதைச் சொல்லிச் சட்டச் சிக்கலைத் தீர்க்கலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் காலை. டாக்டர் கை கழுவிவிட்டார். நாச்சியாரை மேஜையில் படுக்க வைத்தாயிற்று. வாசலில் சைக்கிள் மணி. தந்திச் சேவகன்.

டாக்டர் ஈரக்கையோடு அப்படியே நின்றார். நர்ஸம்மா ஜெபம் செய்கிறாரா, மேலதிகாரிகளைச் சபிக்கிறாரா என்று உதட்டை வைத்துச் சொல்ல முடியவில்லை. மேஜையிலிருந்து நாச்சியார், "வேண்டாம்னு வந்துருச்சா?" என்று கேட்டாள். நான் உறையைப் பிரித்தேன்.

"என்னய்யா? படியும்!"

"கொயினா மாத்திரைக் கணக்கு இன்னும் வந்து சேரவில்லை. உடனடியாக விளக்கம் தரவும்."

முதலில் சிரித்தது டாக்டர். நான் அவரிடம் வேலை பார்த்த காலத்தில் அவர் வாய்விட்டுச் சிரித்தது அன்று ஒருமுறைதான். "மாற்று உத்தரவு ஒண்ணும் இல்லியே?" என்றார்.

"இல்லை ஸார்."

"அப்போ ரைட்!" என்றார் நர்ஸம்மா, அந்தக் கண்டக்டர் குரலிலேயே. கதவு சாத்தப்பட்டது. இந்தத் தடவை அழுகைக்காக அல்ல.

அறுவை பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. முடிந்ததும் நர்ஸம்மா கட்டிலை வராந்தாவுக்குத் தள்ளாமல் நேராகப் பெண் வார்டுக்குள் தள்ளிக்கொண்டு போனதைப் பார்த்தேன். டாக்டர் வாயைத் திறந்தார். "மாற்று உத்தரவு வந்தாச் சொல்லுங்க, வெளிய தள்ளிருதேன்" என்றார் நர்ஸம்மா. டாக்டர் வாயை மூடிக்கொண்டார். வித்தை ஊழியர்கள் எல்லோருக்கும் பரவிவிட்டதில் எனக்குப் பெருமை. வார்டில் பக்கத்துக் கட்டிலில் இருந்த அம்மாள் ஒருத்தி நாச்சியாரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு, "ரொம்ப வலிக்கோ தாயி?" என்று கேட்டுத் தன் கஞ்சியில் பாதியை நகர்த்திவைத்தாள். அவள் எந்த ஆபீஸுக்கும் எழுதிக் கேட்கவில்லை.

ஜுரம் இறங்கியது. கண் தெளிந்ததும் நாச்சியார் காயத்தில் போட்டிருந்த கட்டைத் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்ன முதல் வார்த்தை: "இது எங்க கொட்டகைத் துணி இல்ல. எம்புட்டுப் பிசிறு!" பிழைத்துக்கொண்டாள் என்று அதிலேயே தெரிந்துவிட்டது.

யுத்தம் முடிந்தது. டாக்டர் மாற்றலாகிப் போனார். போகும்போது சட்டப் புத்தகத்தை எனக்குக் கொடுத்துவிட்டார். வெள்ளைக்காரனும் மாற்றலாகிப் போனான். நாச்சியார் வருஷா வருஷம் ஆடிப்பூரத் தேர் பார்த்துவிட்டு, இலையில் பால்கோவா கட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வருவாள். நர்ஸம்மாவுக்கு ஒரு பங்கு, எனக்கு ஒரு பங்கு.

அப்படி அவள் என் ஜன்னலோரம் நின்றுகொண்டிருந்த ஒரு நாள்தான் தபாலில் அந்த உறை வந்தது. மேலே அச்சடித்திருந்த ராஜாவின் கிரீடத்தை யாரோ மையால் அடித்திருந்தார்கள். எங்கள் முதல் கடிதத்துக்குப் பதில். கேட்ட சர்க்கார் போய்விட்டது. பதில் மட்டும் கடமை தவறாமல் வந்து சேர்ந்திருந்தது. "மேற்படி நோயாளியின் மகிழ்ச்சி தற்காலிகமானதா, நிலையானதா என நேரில் விசாரித்துத் தெரிவிக்கவும். அதுவரை அறுவை செய்ய வேண்டாம். நோயாளி எந்த வார்டில் இருக்கிறார் என்பதையும் குறிப்பிடவும்."

உத்தரவு உத்தரவுதான். நேரில் விசாரித்தேன். படித்துக் காட்டினேன். தேரில் கோவிந்தா போட்டுத் தொண்டை கட்டியிருந்தவள் சிரித்த சிரிப்பில் இரண்டு வார்டும் எட்டிப் பார்த்தன.

"என்னன்னு எழுதட்டும், நாச்சியார்?"

"சிரிச்சாள்னே எழுதுங்க கிளார்க்கய்யா. இனிமே எந்தக் கத்தியைத் தர மாட்டோம்னு மெரட்டப் போறாக?"

எழுதினேன்: "விசாரிக்கப்பட்டது. மகிழ்ச்சி நீடிக்கிறது. நோயாளி ஜன்னலோரம் இருக்கிறார்." பிறகு, எந்தக் கடிதமானாலும் வந்த நாளைக் குறிப்பது கிளார்க்கின் கடமை என்பதால், உறையின் மூலையில் அதையும் குறித்தேன்: சுதந்திரம் வந்தபின் வந்த முதல் ஆடிப்பூரம், தேர் நிலைக்கு வந்த மறுநாள்.